கரண்டு பில்லும் மெடிக்கல் கார்டும்: விலையை நிர்ணயிப்பது யார்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் இப்போது இரண்டு குழப்பங்கள் சேர்ந்தே ஓடுகின்றன. முதலாவது, மின் கட்டணம் 14 விழுக்காடு ஏறுகிறது என்று செய்தி வந்தது, ஆனால் சின்ன வீட்டுக்காரருக்கு வந்த பில் குறைந்திருக்கிறது. இரண்டாவது, மெடிக்கல் கார்டு எனப்படும் மருத்துவக் காப்புறுதியின் பிரிமியம் பற்றி எந்தப் பெரிய அறிவிப்பும் காதில் விழாத நேரத்தில் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது, மாதக் கட்டணம் கணிசமாக ஏறிவிட்டது என்று. இரண்டையும் பற்றி வை.பி.யிடம், அதாவது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், கேட்டால் பெரும்பாலும் ஒரே வகைப் பதில்தான் கிடைக்கும்: அரசாங்கம் தலையிட வேண்டும்.

எங்கே தலையிடுவது என்பதுதான் கேள்வி. மின்சாரத்தைப் பொறுத்தவரை, தீபகற்பத்தில் மொத்தச் செலவுக்கும் கணக்குக் கேட்கும் அதிகாரம் ஓர் ஆணையத்திடம் இருக்கிறது. மருத்துவக் காப்புறுதியில் அப்படி ஒரு அமைப்பே கிடையாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முன்பு இவை பில்களே அல்ல

எல்பில், டோவன்பி, கமுனிங் என்று சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களின் காலத்தில் வெளிச்சமும் மருந்தும் முதலாளி கொடுத்தவை. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டுமே விளக்கு எரிந்தது. காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி, அங்கே ஒரு டிரஸர். இந்த மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகளை வரையறுத்த சட்டம் 446, 1990-இல்தான் வந்தது.

அந்த ஏற்பாடு நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. வேலை போனால் வீடும் போகும், விளக்கும் போகும், மருந்தும் போகும். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தபோது, முதலாளியின் செலவுக் கணக்கில் இருந்த இரண்டு விஷயங்கள் குடும்பத்தின் கணக்குக்கு மாறின. அதற்கேற்ற சம்பள உயர்வு கூடவே வரவில்லை. அதனால்தான் இந்த இரண்டு விலைகளும் இங்கே இவ்வளவு சூடாகப் பேசப்படுகின்றன.

மின் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

தீபகற்ப மலேசியாவில் மின் கட்டணத்தை ஆராய்ந்து நிர்ணயிப்பது சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையம். அமைச்சரின் ஒப்புதல் தேவை, நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. 2014 முதல் நடைமுறையில் உள்ள முறையின்படி, சில ஆண்டுகளைக் கொண்ட ஒரு காலகட்டத்துக்கு அடிப்படைக் கட்டணம் முடிவு செய்யப்படும். இப்போது நடப்பது நான்காவது காலகட்டம், 2025 முதல் 2027 வரை.

1. மின்சாரம் விநியோகிக்கும் தெனாகா நேஷனல் நிறுவனம் மின்கம்பி, துணைமின்நிலையம் போன்றவற்றில் போட்ட முதலீட்டுக்கு எவ்வளவு வருமானம் எடுக்கலாம் என்பதை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. இந்தக் காலகட்டத்துக்கு அது 7.3 விழுக்காடு.

2. அதோடு பராமரிப்புச் செலவு, தேய்மானம், மின்சாரம் வாங்கும் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டுக்கான சராசரி அடிப்படைக் கட்டணம் வருகிறது. முன்பு அது 39.95 சென். 2024 டிசம்பரில் 45.62 சென் என்று அறிவித்தார்கள், செய்திகளில் வந்த 14 விழுக்காடு அதுதான். 2025 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது அது 45.40 சென் ஆனது.

3. இது தீபகற்பத்தின் எல்லாப் பயனீட்டாளர்களுக்குமான சராசரி. தொழிற்சாலை, பேரங்காடி, டேட்டா சென்டர், உங்கள் வீடு எல்லாம் இதற்குள் அடக்கம். சராசரி ஏறினாலும் ஒவ்வொருவர் பில்லும் அதே அளவு ஏறாது.

4. நிலக்கரி, எரிவாயு விலையும் டாலர் மதிப்பும் மாறுவதால் வரும் வித்தியாசம் 'எரிபொருள் சரிக்கட்டல்' என்று பில்லில் தனிக் கணக்காக வரும். முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிசெய்தார்கள், இப்போது மாதா மாதம். யூனிட்டுக்கு 3 சென் வரையிலான ஏற்ற இறக்கம் அரசாங்கத்தின் தனி ஒப்புதல் இல்லாமலேயே பில்லுக்கு வந்துவிடும்.

சரி, சின்ன வீட்டின் பில் எப்படிக் குறைந்தது? 200 யூனிட் பயன்படுத்தும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் யூனிட்டுக்கு 21.80 சென், மொத்தம் 43 ரிங்கிட் 60 சென். புதிய பில்லில் மின்சாரத்துக்கு 27.03, கொள்திறனுக்கு (ஆலை தயாராக இருப்பதற்கு) 4.55, கம்பிவலைக்கு 12.85 என்று மூன்று கட்டணங்கள் இருக்கும், கூட்டினால் 44.43 சென். அதாவது 88 ரிங்கிட் 86 சென். பார்த்ததும் இரட்டிப்பு என்று தோன்றும். ஆனால் கீழே சிக்கன ஊக்கத்தொகை என்று யூனிட்டுக்கு 25 சென், மொத்தம் 50 ரிங்கிட் கழிக்கப்படுகிறது. கட்ட வேண்டியது 38 ரிங்கிட் 86 சென்.

கவனிக்க வேண்டியது இதுதான்: முன்பு குறைந்த விலையே விலையாக இருந்தது. இப்போது உண்மை விலை பில்லில் தெரிகிறது, சலுகை கீழே தனி வரியாக எழுதப்பட்டு நிற்கிறது. தனி வரியாக நிற்கும் எதையும் நாளைக்குக் குறைப்பது எளிது. வெளிப்படைத்தன்மை என்ற வகையில் இது நல்ல மாற்றம். அரசியல் என்ற வகையில் அந்த ஒரு வரியின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

600 என்ற எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் விலக்கு, எரிபொருள் சரிக்கட்டல் விலக்கு, சேவை வரியும் கிடையாது. அதைத் தாண்டினால் மூன்றும் ஒன்றாக நுழையும். இரண்டு ஏர்கோன் ஓடும் கூட்டுக்குடும்ப வீடுகள் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இ-காசே என்ற அரசாங்க வறுமைப் பதிவேட்டில் பதிவான பரம ஏழைக் குடும்பங்களுக்கு 40 ரிங்கிட் வரை தனிக் கழிவும் உண்டு. தகுதி இருந்தும் பதியாமல் இருப்பவர்களுக்கு வை.பி.யின் சேவை மையம் உடனே செய்துதரக்கூடிய உதவி இது.

ஒப்பந்தம் முதலில், ஆணையம் பிறகு

இந்த ஒழுங்கு எப்போதும் இருந்ததில்லை. இதில் சுங்கை சிப்புட்டுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1974 முதல் 2008 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சாமிவேலு, 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் துறை அமைச்சர். 1990 செப்டம்பரில் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது அவர் காலத்தில். அது 1992-இல் பங்குச் சந்தைக்குப் போனதும், அதே ஆண்டு செப்டம்பர் 29-இல் தீபகற்பம் முழுக்க இருளில் மூழ்கியதும் அவர் காலத்தில்தான்.

அந்த இருட்டடிப்புக்குப் பிறகு, 1993 முதல் தனியார் மின் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. பேச்சுவார்த்தையை நடத்தியது பிரதமர் துறையின் கீழிருந்த பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு, ஆகவே எல்லாவற்றையும் ஒரு அமைச்சர் தலையில் கட்டுவது நியாயமாகாது. முதல் தலைமுறை ஒப்பந்தங்கள் 21 ஆண்டுகளுக்குப் போடப்பட்டன. தெனாகா மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆலையின் கொள்திறனுக்குப் பணம் கட்டியாக வேண்டும். தெனாகாவின் அப்போதைய செயல் தலைவர் டான் ஸ்ரீ அனி அரோப் அந்த நிபந்தனைகளை வெளிப்படையாக எதிர்த்தார், 1996-இல் பதவியிலிருந்து விலகினார்.

எரிசக்தி ஆணையச் சட்டம் வந்ததோ 2001-இல். ஆணையம் வேலையைத் தொடங்கியது 2002-இல். கையெழுத்தான ஒப்பந்தத்துக்குள் புதிய ஆணையம் புகுந்து விலையை மாற்ற முடியாது. அந்த இடைவெளிக்கான விலையை நாடு 2010-கள் வரை கட்டியது. இன்று உங்கள் பில்லில் 'கொள்திறன்' என்று தனியாகத் தெரியும் 4.55 சென்னைப் பார்க்கும்போது, அப்படி ஒரு செலவு இருப்பதே பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்குத் தெரியாமல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெடிக்கல் கார்டு: பிரிமியம் ஏன் திடீரென்று ஏறுகிறது

காப்புறுதியைப் பலர் கூட்டுப் பணம் கட்டுவது போல நினைக்கிறார்கள். கூட்டில் எல்லாருக்கும் ஒரு நாள் முறை வரும், போட்ட பணம் கைக்குத் திரும்பும். காப்புறுதியில் முறை என்று எதுவும் இல்லை. நோய் வந்தவரின் பில் எல்லாருடைய பணத்திலிருந்தும் கட்டப்படும், நோய் வராதவருக்கு ஒன்றும் திரும்பாது. ஆகவே மொத்தக் கோரிக்கைத் தொகை ஏறினால், ஒருமுறைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவரின் பிரிமியமும் ஏறும்.

நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்ன கணக்கு இது: 2021 முதல் 2023 வரை மருத்துவக் கோரிக்கைச் செலவு மொத்தத்தில் 56 விழுக்காடு கூடியது, அதே காலத்தில் வசூலான பிரிமியம் 21 விழுக்காடுதான் கூடியது. இந்த இடைவெளியை அடைக்க 2024-இன் பிற்பாதியில் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றத் தொடங்கின. சிலருக்கு 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறியதாகச் செய்திகள் வந்தன.

மலேசியாவில் மெடிக்கல் கார்டு பெரும்பாலும் முதலீட்டுடன் இணைந்த ஆயுள் காப்புறுதியின் கூட்டுச் சலுகையாக விற்கப்படுகிறது. நீங்கள் மாதம் 200 ரிங்கிட் கட்டுகிறீர்கள் என்றால், அதில் ஒரு பகுதி முதலீட்டு நிதிக்குப் போகும். மருத்துவப் பாதுகாப்புக்கான கட்டணம் அந்த நிதியிலிருந்து மாதா மாதம் கழிக்கப்படும். வயது ஏற ஏறக் கழிக்கும் தொகை ஏறும். நிதி காலியானால் பாலிசி செத்துவிடும். கடிதத்தில் 'இப்போதைய கட்டணத்தில் உங்கள் பாதுகாப்பு இத்தனை வயது வரைதான் நீடிக்கும்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால், அதற்கு அர்த்தம் இதுதான். விற்கும்போது ஏஜெண்ட் இதை விளக்குவது அபூர்வம். வாங்குபவரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஏஜெண்ட் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ இருப்பார்.

ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்களிடம் இருப்பது கம்பெனி எடுத்துக்கொடுத்த கார்டு. 60 வயதில் வேலை முடியும் அன்று கார்டும் முடியும். அந்த வயதில், இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் இருக்கும் ஒருவர் புதிதாகக் கார்டு வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ வேலையிட விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் உதவும், சாதாரண ஆஸ்பத்திரி பில்லுக்கு அல்ல.

அரசாங்கம் செய்தது என்ன

2024 செப்டம்பர் 1 முதல், நோயாளியும் பில்லில் ஒரு பங்கைக் கட்டும் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்தது. குறைந்தபட்சம் 5 விழுக்காடு அல்லது முதல் 500 ரிங்கிட். பிரிமியம் குறையும், ஆனால் 20,000 ரிங்கிட் பில்லுக்கு 5 விழுக்காடு என்றால் 1,000 ரிங்கிட் கையிலிருந்து போகும். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல. அப்படிப்பட்ட திட்டத்துக்கு மாறுவதற்கு முன் உச்சவரம்பு என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் 2024 டிசம்பர் 20-இல் தற்காலிக நிவாரணம் வந்தது. கட்டண உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும், குறைந்தபட்சம் 80 விழுக்காட்டுப் பாலிசிதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்கும், 60 வயதாகியோ அதைத் தாண்டியோ அந்தந்தத் திட்டத்தின் மிகக் குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வே கிடையாது. இந்த ஏற்பாடு 2026 இறுதி வரைக்கானது. பரப்புவது வேறு, குறைப்பது வேறு. மூன்று தவணையில் ஏறினாலும் ஏறுவது ஏறுவதுதான்.

2025-இல் நிதி அமைச்சு, சுகாதார அமைச்சு, பேங்க் நெகாரா மூன்றும் சேர்ந்து ரீசெட் என்ற சீர்திருத்தத் திட்டத்தை முன்வைத்தன. அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்று, நோய்க்கு இவ்வளவு என்று தொகுத்துப் பணம் கொடுக்கும் முறை, விலை வெளிப்படைத்தன்மை எல்லாம் அதில் உண்டு.

ஒரு பில், மூன்று கதவுகள்

ஏன் பல அமைப்புகள் சேர வேண்டியிருந்தது? ஏனென்றால் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பில்லை எடுத்துக்கொண்டால், அதன் மேலான அதிகாரம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது:

1. காப்புறுதி நிறுவனமும் பிரிமியமும் பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

2. ஆஸ்பத்திரிக்கு உரிமம் கொடுப்பது சுகாதார அமைச்சு, தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் 586-இன் கீழ். 1998-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006-இல். மின்துறையில் நடந்த அதே கதை: முதலில் வியாபாரம் வளர்ந்தது, பிறகு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் விதிகள் டாக்டரின் கட்டணத்துக்கு மட்டுமே உச்சவரம்பு வைக்கின்றன. அறை, மருந்து, ஊசி, கையுறை, கருவி இவற்றுக்கு ஆஸ்பத்திரி போடும் விலைக்கு வரம்பு இல்லை.

3. மருந்து விலைப் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று 2025 மே 1-இல் வந்த கட்டளை, உள்நாட்டு வாணிப அமைச்சின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. காட்டச் சொல்கிறது, குறைக்கச் சொல்லவில்லை. அதற்கே கிளினிக் டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள்.

தெனாகாவிடம் 'உன் முதலீட்டுக்கு 7.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்காதே' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரியிடம் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. பிரிமியம் என்ற கடைசிக் குழாயை மட்டும் இறுக்கினால், நிறுவனம் பாலிசியையே நிறுத்தும் அல்லது கோரிக்கைகளைக் கடுமையாக மறுக்கும். ஆஸ்பத்திரி பில்லை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வர மணிக்கணக்கில் காத்திருப்பதாகக் கேள்விப்படுகிறோமே, அது இந்த இறுக்கத்தின் ஒரு முகம்.

டாக்டர் ஜெயக்குமாரின் வாதம்

2008-இல் சாமிவேலுவைத் தோற்கடித்து, 2018 வரை சுங்கை சிப்புட்டைப் பிரதிநிதித்தவர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ். மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர், நெஞ்சக நோய் நிபுணர். காப்புறுதியை எப்படிச் சீர்திருத்துவது என்பதற்குள் அவர் போகவில்லை. காப்புறுதியை நம்பி ஒரு நாட்டின் சுகாதாரத்தை நடத்தக்கூடாது என்பதே அவர் நிலைப்பாடு. கட்டாயச் சந்தாவோடு கூடிய சமூகக் காப்புறுதியை நோக்கிய 1கேர் என்ற யோசனை 2012 வாக்கில் சர்ச்சையானபோது, அதை எதிர்த்த கூட்டணியில் அவர் முன்னணியில் இருந்தார். அந்த யோசனை பிறகு அடங்கிப்போனது.

அவர் திரும்பத் திரும்பச் சுட்டும் ஒரு விஷயம் இங்கே முக்கியம்: அரசாங்கமே இரண்டு பக்கமும் நிற்கிறது. கேபிஜே தனியார் ஆஸ்பத்திரிக் குழுமத்தில் ஜொகூர் மாநில அரசின் கழகத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஐஎச்எச் என்ற இன்னொரு ஆஸ்பத்திரிக் குழுமத்தில் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. விலையைக் கட்டுப்படுத்த வேண்டியவரே லாபத்தில் பங்கு வாங்குகிறார். மின்சாரத்திலும் இதே நிலைதான், தெனாகாவில் கசானாவும், தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப்பும் பெரிய பங்குதாரர்கள். வேடிக்கை என்னவென்றால், உங்கள் இபிஎஃப் லாப ஈவில் ஒரு சிறு துளி உங்கள் கரண்டு பில்லிலிருந்தே வருகிறது. ஆனால் மின்துறையில் இடையில் ஓர் ஆணையம் நிற்கிறது, எவ்வளவு லாபம் என்பது எழுத்தில் இருக்கிறது. அந்த முரண்பாட்டை முழுக்கத் தீர்க்காவிட்டாலும் அளவுக்குள் வைக்கிறது.

அவருடைய தீர்வு, அரசு மருத்துவமனைகளுக்கு வரிப்பணத்திலிருந்து கூடுதல் நிதி கொடுத்து, நிபுணர்கள் தனியாருக்குப் போவதைத் தடுப்பது. சுங்கை சிப்புட்டில் நின்று பார்த்தால் இந்த வாதத்தின் பலம் தெரியும். அரசுக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட். பணம் இங்கே தடையில்லை. ஆனால் உள்ளூர் மருத்துவமனையிலிருந்து நிபுணரிடம் அனுப்பினால், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே வரிசை நீளம். மக்கள் மெடிக்கல் கார்டு வாங்குவது ஆடம்பரத்துக்காக அல்ல, இந்த வரிசையைத் தாண்டத்தான். வரிசை குறைந்தால் கார்டின் தேவையும் குறையும்.

இதன் பலவீனமும் உண்டு. நிதி கூடி, நிபுணர்கள் தங்கி, வரிசை குறைய ஆண்டுகள் ஆகும். இப்போதே கையில் கார்டு வைத்திருப்பவரின் அடுத்த மாதப் பிரிமியத்துக்கு அது பதில் இல்லை. என் பார்வையில், பொது மருத்துவமனைக்கு நிதி கேட்பதும், தனியார் ஆஸ்பத்திரி விலைக்கு எரிசக்தி ஆணையம் போன்ற ஒரு கணக்குக் கேட்பவரை உருவாக்குவதும் ஒன்றையொன்று தடுக்காத வேலைகள். இரண்டாவதைப் பற்றித்தான் நம் நாடாளுமன்றத்தில் குறைவாகப் பேசுகிறார்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்கலாம்

கட்டணம், பிரிமியம் இரண்டுமே மக்களவையில் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. ஆனால் கேள்வி நேரம், வரவுசெலவு விவாதம், சுகாதாரத்துக்கான சிறப்புத் தேர்வுக் குழு, பொதுக் கணக்குக் குழு எல்லாம் இருக்கின்றன. பிரிமியம் உயர்வையும் தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணத்தையும் பொதுக் கணக்குக் குழு 2025-இல் விசாரித்தது. ஆகவே இப்படிக் கேட்கலாம்:

1. 2027-க்குப் பிறகு, அடுத்த காலகட்டத்தில், 200 யூனிட் வீட்டுக்கான 25 சென் ஊக்கத்தொகை நீடிக்குமா?

2. சட்டம் 586-இன் விதிகளில் டாக்டர் கட்டணத்தைப் போல ஆஸ்பத்திரியின் மற்றக் கட்டணங்களையும் சேர்க்க நீங்கள் ஆதரவா?

3. தற்காலிக நிவாரணம் முடிந்த பிறகு 60 வயதைத் தாண்டியவர்களின் நிலை என்ன?

கடிதம் கைக்கு வந்தால்

கரண்டு பில்லில் மீட்டர் கணக்கு தவறு என்றால் முதலில் தெனாகாவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் எரிசக்தி ஆணையத்துக்குப் போகலாம்.

காப்புறுதியில் இரண்டு விதமான புகார்களைக் கலக்கக் கூடாது. கோரிக்கையை நியாயமின்றி மறுத்துவிட்டார்கள் என்றால், நிறுவனத்தின் இறுதிப் பதிலை வாங்கிக்கொண்டு, 2025 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை என்ற தகராறு தீர்க்கும் அமைப்பிடம் போகலாம். பிரிமியம் ஏறியது பற்றிய புகாரை அது எடுக்காது, அதற்குப் பேங்க் நெகாராதான். கோபத்தில் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள். முதலில் அதே நிறுவனத்திடம் குறைந்த பிரிமியத் திட்டத்துக்கு மாற வழி உண்டா, மாறினால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான பாதுகாப்பு தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த உயர்வைப் பார்த்து 2024-இல் பாலிசியை நிறுத்தியவர்கள், புதிதாக மருத்துவப் பரிசோதனை இல்லாமல் திரும்பச் சேரவும் டிசம்பர் அறிவிப்பில் இடம் இருந்தது.